ஜீப்புக்கு வெளியில பூட்டின சாமான்களை உப்புக்காத்திலயிருந்து காப்பாத்துறது எப்பிடி

யாழ்ப்பாணத்தில போர் வீல் வாகனம் வச்சிருக்கிற ஆக்கள் சேறு பட்டாத்தான் கழுவுவினம். உண்மையில இங்க சேறு பெரிய பிரச்சினை இல்ல, கோப்பாய் உரும்பிராய் செம்மண் எண்டாலும் வடிவா தண்ணி அடிச்சாப் போயிடும். ஆனா உப்பு அப்பிடியில்ல. பண்ணைப் பாலத்தால வேலணை, புங்குடுதீவு போய் வந்தாலோ, மணற்காட்டு மணலுக்குள்ள இறக்கினாலோ, வாடைக்காத்து நேரம் பருத்தித்துறைக் கரையோரமா ஓடினாலோ முன்னுக்குப் பூட்டுற புள்பார், கூரையில இருக்கிற கரியர், ஏறேக்க மிதிக்கிற சைட் ஸ்ரெப், புதைஞ்சா கயிறால இழுக்கிற விஞ்ச் எல்லாத்திலயும் உப்புப் படியும், கண்ணுக்குத் தெரியாது. அது காஞ்சு கிடந்தாலும் சும்மா கிடக்காது, காத்தில ஈரம் கூடேக்க தானே ஈரத்தை இழுத்துக் கசியும், குசினியில உப்புப் போத்தல் மாரியில கசியிறதைப் பாத்திருப்பியள், அதேதான் போல்ட்டுக்குக் கீழயும் நடக்குது. அதால ஓடாம நிப்பாட்டி வச்ச வாகனத்திலயும் கறள் வரும்.

முதல்ல விளங்கிக்கொள்ள வேண்டியது, கறள் மினுங்குற பக்கத்தில தொடங்கிறேல்ல. கரியர் கிளாம்ப்புக்கு அடியில, புள்பார் பிறாக்கெட் சேசியோட சேர்ற இடத்தில, மட்பிளாப்புக்கும் பொடிக்கும் நடுவில, சைட் ஸ்ரெப் குழாய்க்கு உள்ளுக்க, இப்பிடித்தான் தொடங்கும். நாங்கள் என்ன செய்யிறமெண்டா புள்பாரின்ர முன்பக்கத்தை முகம் தெரியிறமாதிரித் தேய்ச்சுப்போட்டு உள்ள போயிடுறம்.

கடல்கரைப் பக்கம் போய் வந்தா அண்டைக்கே கழுவுங்கோ, நாளைக்கு எண்டு விடாதேங்கோ. நிழல்ல விட்டு, சூடு ஆறின பிறகு, சவர்க்காரம் ஒண்டும் போடாம வெறும் தண்ணியாலதான் முதல்ல. உப்புக் கரையிறதுக்குத் தண்ணிதான் வேணும், வேகம் இல்ல, அதால சாதாரண ஹோஸ் பைப்பால கனநேரம் ஓட விடுறது பிறெஷர் கன்னால ரெண்டு நிமிசம் அடிக்கிறதை விடத் திறம். கன் பாவிக்கிறதெண்டா ஸ்நோர்கல் (எஞ்சினுக்குக் காத்து எடுக்க உயரமாப் பூட்டுற குழாய்) வாய்க்கு நேர அடிக்கக் கூடாது, தண்ணி எயார் ஃபில்டருக்குப் போகும், அதேமாதிரி எல்ஈடி லைற் ஓரத்து றபர், விஞ்ச் மோட்டர், அதின்ர கொன்ட்ரோல் பெட்டி இதுகளுக்குக் கிட்டவும் வேண்டாம். கரியரில தொடங்கிக் கீழ வாங்கோ. சைட் ஸ்ரெப்புக்கும் புள்பாருக்கும் அடியில தண்ணி வடியச் சின்ன ஓட்டைகள் இருக்கும், மண் அடைச்சிருந்தா ஒரு கம்பியால குத்தி விடுங்கோ, அடைச்ச குழாய் உள்ளுக்கயே உக்கும், வெளியில பெயின்ற் கொப்பளிக்கேக்க காலம் பிந்திப்போயிருக்கும்.

இனித் தண்ணியின்ர கதை. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாறது, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறதைப் பாத்தாலே தெரியும். அதால கழுவிப்போட்டு வெயில்ல காய விட்டா குரோமிலயும் கறுத்தப் பெயின்ற்றிலயும் வெள்ளைப் பொட்டுப் பொட்டா நிக்கும், கழுவின கையோட துடையுங்கோ. நிண்ட பொட்டுக்கு வினாகிரியும் தண்ணியும் சரிபாதி கலந்து துணியில நனைச்சு ஒரு நிமிசம் வச்சு எடுத்து, நல்லாக் கழுவி விடலாம், பெயின்ற் இல்லாத அலுமினியத்தில மட்டும் வேண்டாம், மங்கிப்போகும். கிணறு உவர் எண்டா அந்தத் தண்ணியால கழுவி உப்பைப் போக்கப் பாக்கிறது மினக்கெட்ட வேலை, நல்ல தண்ணி உள்ள இடத்தில கழுவுங்கோ, இல்லாட்டி மாரியில பீப்பாவில பிடிச்ச மழைத்தண்ணியக் கடைசி அலசலுக்கு வச்சிருங்கோ.

அழுக்குக்குக் கார் ஷாம்பூ காணும். உடுப்புத் தோய்க்கிற பவுடர் போட்டா மெழுகு கழண்டு போகும், அலுமினியமும் கறுக்கும். தும்பால தேய்க்காதேங்கோ, கீறு விழும். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலுக்கு இரும்புக் கம்பிப் பஞ்சு போடவே கூடாது, இரும்புத் துகள் அதில ஒட்டி அதுவே கறள் பிடிக்கும். ஸ்ரெயின்லெஸ் கறள் பிடிக்காதெண்டு கடைக்காரர் சொல்லுவினம், உப்புக்காத்தில அதுவும் தேத்தண்ணிக் கறை மாதிரி மண்ணிறமாகும், ஸ்ரெயின்லெஸ்ஸில 304 எண்ட ரகத்தை விட 316 எண்ட ரகம் தாங்கும், 316இல மொலிப்டினம் எண்ட உலோகமும் கலந்திருக்கு.

காஞ்ச பிறகு பெயின்ற் அடிச்ச பக்கங்களுக்கு மெழுகு போடுங்கோ, நட்டு போல்ட்டுக்குக் கிறீஸ். டபிள்யூடி 40 ஈரத்தை எடுக்கும், ஆனா கனநாள் நிக்காது. அலுமினியக் கரியரில இரும்பு போல்ட் நேர முட்டினா உப்புத் தண்ணி பட்ட இடத்தில அலுமினியம்தான் அரிபடும், நடுவில பிளாஸ்ரிக் வாசர் போட்டு, போல்ட் மரைக்கும் கிறீஸ் பூசிப் பூட்டுங்கோ. சேர்விஸ் நிலையங்களில அடியில டீசலோ பழைய ஒயிலோ அடிச்சு விடுற பழக்கம் இருக்கு, எனக்கு அது பிடிக்காது, றபர் புஷ் எல்லாம் ஊதும், தூசியும் ஒட்டும்.

கல்லுப்பட்டு பவுடர் கோற்றிங் (தூளாப் போட்டுச் சூடாக்கிப் பிடிக்க வைக்கிற பூச்சு) உடைஞ்ச இடத்தை விட்டா கறள் அதுக்குக் கீழால ஊர்ந்துகொண்டே போகும். ஐப்பசி மழைக்கு முதல் ஒருக்கா எல்லாத்தையும் பாத்து, அப்பிடியான இடங்களை வெள்ளை இரும்பு தெரியுமட்டும் சாண்ட் பேப்பரால தேய்ச்சு, சிங்க் பிறைமர், பிறகு பெயின்ற். கறளுக்கு மேலால பெயின்ற் அடிக்கிறது காசுக்கு நட்டம்.

சில்லுக்கு மேல பூட்டுற கறுத்த பிளாஸ்ரிக் ஃபிளேர், கதவுக் கண்ணாடிக்கு மேல வாற டோர் வைசர் வெயில்ல நரைக்கும், யூவி பாதுகாப்புள்ள ட்றெசிங் பூசலாம். மண்ணெண்ணெய் பூசினா அண்டைக்கு மட்டும் மினுங்கும். லைற் கண்ணாடிக்குத் தின்னர் வேண்டாம், அது கண்ணாடியில்ல, பொலிகாபனேற் எண்ட பிளாஸ்ரிக், வெடிப்பு விழும். ஸ்பெயார் வீல் கவரைக் கழட்டிக் காயவிடுங்கோ.

விஞ்ச் தான் ஆக்கள் மறக்கிற சாமான். மணலுக்குப் போய் வந்தா கயிறை இழுத்து விரிச்சு, டிறம்மில கடைசிச் சுத்துகளை மட்டும் விட்டு, மிச்சம் முழுக்க நல்ல தண்ணியில கழுவுங்கோ. நைலோன் மாதிரிக் கயிறெண்டா உள்ள போன மணல் நூலை அறுக்கும், கம்பிக் கயிறெண்டா காயவிட்டு மெல்லிசா ஒயில் பூசோணும், கையில தடிச்ச கையுறை இல்லாமப் பிடிக்காதேங்கோ, அறுந்த கம்பி குத்தும். திருப்பிச் சுத்தேக்க சாடையாப் பாரம் குடுத்து இறுக்கமாச் சுத்துங்கோ, தொளதொள எண்டு சுத்தினா அடுத்தமுறை இழுக்கேக்க மேல் சுத்து கீழ இறங்கிச் சிக்கும்.