பகலில் மங்கும் மீற்றர் வெளிச்சம்: கராஜுக்குப் போகுமுன் வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

கடந்த கச்சான் காற்றுக் காலத்தில் சித்தப்பாவின் காரில் மீற்றர் வெளிச்சம் பட்டப்பகலில் மங்கத் தொடங்கியது. திருகோணமலையில், உவர்மலையிலிருந்து நகரத்துக்கு வரும் சிறு தூரத்துக்குள்ளேயே வேகம் எத்தனை என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. "மீற்றர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், தம்பி" என்று முகம் வாடி வந்து நின்றார். காரை எங்கள் முற்றத்து வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். முன் கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போர்டின் விளிம்பில், கோணேசர் கோயிலடியில் வாங்கிய ஒரு சின்னப் பிள்ளையார் இரட்டைப் பசைநாடாவில் ஒட்டப்பட்டிருந்தார். அவருடைய பீடத்துக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்புக் குமிழ். வெளிச்சத்தை அளக்கும் உணரி அதுதான். பிள்ளையாரை நாலு விரல் தள்ளி வைத்தோம். சற்று நேரத்தில் மீற்றர் பளிச்சென்று வந்துவிட்டது.

எல்லாக் கார்களிலும் இவ்வளவு இலகுவாக முடிந்துவிடாது. ஆனால் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்தால், நல்ல நிலையில் உள்ள பாகத்தைக் காசு கொடுத்து மாற்றும் நிலை வராது. வாகன மின்வேலை எதுவும் தெரியாதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தேவைப்படுபவை: ஒரு கறுப்புத் துணி, ஒரு ரோச் லைட், மின்னழுத்தத்தை அளக்கும் சாதாரண மல்டிமீற்றர், ஒரு துண்டு அரத்தாள். பியூஸைப் பிடுங்கும் சிறிய பிளாஸ்டிக் இடுக்கி பெரும்பாலும் பியூஸ் பெட்டிக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது?

வெயிலில் மீற்றரை வாசிக்க நிறைய வெளிச்சம் வேண்டும். இரவில் அதே வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். இருட்டுக்கு முழுமையாகப் பழகக் கண்ணுக்கு இருபது, முப்பது நிமிடங்கள் தேவை. முகத்துக்கு முன்னால் பளிச்சென்று ஒரு பலகை எரிந்துகொண்டிருந்தால் அந்தப் பழக்கம் கைகூடாது. அதனால் கார் மீற்றருக்கு இரண்டு நிலைகளை வைத்திருக்கிறது: பகலுக்குக் கூடிய வெளிச்சம், இரவுக்குக் குறைந்த வெளிச்சம்.

"இப்போது இரவு" என்று மீற்றருக்குச் சொல்வது யார்? பெரும்பாலான கார்களில் விளக்குச் சுவிட்சின் முதல் நிலை. அதாவது, சிறு விளக்குகளும் பின்விளக்குகளும் எரிந்தவுடன் மீற்றர் மங்கும். விளக்குச் சுவிட்ச் 'ஓட்டோ' நிலையில் இருந்தால் அந்த முடிவை உணரி எடுக்கும். இந்தத் தொடர்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மீற்றர் மங்கியிருக்கிறது என்றால், உங்கள் காரின் பின்விளக்குகளும் எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

படி 1: எப்போது மங்குகிறது என்று எழுதி வையுங்கள்

இரண்டு நாட்கள் பொறுமையாகக் கவனியுங்கள். எதையும் கழற்ற வேண்டாம். முழு வேலையிலும் பெறுமதியான பகுதி இதுதான் என்பேன், ஏனென்றால் மங்கும் நேரமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

விளக்கைப் போட்டவுடன் மங்கினால் அது பழுது அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நல்ல வெயிலில், விளக்குச் சுவிட்ச் ஓட்டோவில் இருக்கும்போது தானாக மங்கினால் உணரியைச் சந்தேகியுங்கள். சந்தியில் நிற்கும்போது ஏசி போட்டால், கண்ணாடியை ஏற்றினால், பிரேக்கை மிதித்தால் மங்குகிறதா? மின்னழுத்தம் குறைகிறது. பள்ளத்தில் விழுந்து எழும்போது மட்டும் மினுக்கினால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. மீற்றர் சரியாக இருந்து, ரேடியோவோ ஏசி பொத்தான்களோ மட்டும் இருண்டால் பிரச்சினை அந்தப் பக்கத்து வயரில்.

இன்னொன்று. நிலாவெளிப் பக்கம் போகிறவர்கள் பலர் போலரைஸ்ட் வகை வெயில்கண்ணாடி அணிகிறார்கள். அந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் சில டிஜிட்டல் திரைகள் மங்கும், சில முழுக்கக் கறுத்துவிடும். தலையை ஒரு பக்கம் சரித்துப் பாருங்கள். வெளிச்சம் மாறினால் காரில் ஒரு குறையும் இல்லை.

படி 2: வெளிச்சம் கூட்டும் திருகியைப் பாருங்கள்

ஸ்டியரிங்கின் பக்கத்தில், டாஷ்போர்டின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு சக்கரம் இருக்கும். சில கார்களில் மீற்றர் கண்ணாடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குமிழே அந்த வேலையைச் செய்யும். காரைத் துடைக்கும்போது இது கைபட்டுச் சுழன்றுவிடுவது மிகச் சாதாரணம்.

விளக்கைப் போட்டுவிட்டு அதைக் கூடிய பக்கம் கடைசிவரை திருப்புங்கள். பல டொயோட்டா கார்களில் கடைசி நிலைக்குப் போனதும் 'டிக்' என்று ஓர் அடைப்பு உணரப்படும். அந்த நிலையில் விளக்கு எரிந்தாலும் மீற்றர் மங்காது. ஹொண்டாவின் பல மாதிரிகளில் உச்ச வெளிச்சத்தை எட்டும்போது ஒரு 'பீப்' ஒலி கேட்கும், அங்கேயும் மங்கல் நீங்கிவிடும். மழைக்காலத்தில் பகலிலேயே விளக்கைப் போட்டு ஓட்டுபவர்களுக்கு இந்த வசதி தெரிந்திருப்பது நல்லது.

திருப்பும்போது வெளிச்சம் ஒரே சீராகக் கூடாமல், ஓரிடத்தில் அணைந்து இன்னோரிடத்தில் எரிந்தால் திருகியின் உட்தொடுகை தேய்ந்திருக்கிறது அல்லது தூசி படிந்திருக்கிறது. பத்துப் பதினைந்து முறை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சில வேளைகளில் அதுவே போதும். பழைய கார்களில் இந்தத் திருகி தனியாகக் கழன்று வரும், மாற்றுவதும் கடினமல்ல.

படி 3: உணரியைச் சோதியுங்கள்

உணரி பெரும்பாலும் டாஷ்போர்டின் மேல், முன் கண்ணாடியை ஒட்டி இருக்கும். சில கார்களில் இரண்டு குமிழ்கள் இருக்கும். ஒன்று ஏசிக்கு வெயிலின் அளவைச் சொல்வது. வேறு சில கார்களில் உள்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால், மழை உணரியோடு சேர்ந்து முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்.

அதன்மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சுவாமி சிலை, திருநீற்றுப் பை, வெயிலுக்கு விரித்த துணி, வாகனம் நிறுத்திய டிக்கெட், தொலைபேசி தாங்கி, எல்லாவற்றையும் அகற்றுங்கள். கச்சான் காற்று தொடங்கினால் இங்கே டாஷ்போர்டின்மேல் ஒரே நாளில் விரலால் எழுதும் அளவுக்குத் தூசி படிந்துவிடுகிறது. ஈரத்துணியால் குமிழை மெதுவாகத் துடையுங்கள். முன் கண்ணாடியின் மேற்பகுதியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் அது கண்ணாடியில் பொருத்திய உணரியை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

இனிச் சோதனை. நண்பகல் வெயிலில் காரைத் திறந்த இடத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, எஞ்சினை இயக்கி, விளக்குச் சுவிட்சை ஓட்டோவில் வையுங்கள். கறுப்புத் துணியை இரண்டாக மடித்துக் குமிழின்மேல் போடுங்கள். சில வினாடிகளில் விளக்குகள் எரிந்து மீற்றர் மங்க வேண்டும். துணியை எடுத்தால் உடனே பழைய நிலைக்கு வராது. சற்று நேரம் எடுக்கும். அது பழுதல்ல. பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து மரநிழலில் கோயிலுக்கு ஏறும்போது நிழலும் வெயிலும் மாறிமாறி வரும். ஒவ்வொரு நிழலுக்கும் விளக்கு எரிந்து அணைந்தால் எப்படியிருக்கும்? அதைத் தவிர்க்கவே இந்தத் தாமதம்.

துணி போட்டாலும் எடுத்தாலும் எந்த மாற்றமும் இல்லையென்றால் உணரியோ அதன் இணைப்போ பழுது. அதுவரை சுவிட்சை ஓட்டோவிலிருந்து மாற்றி, பொழுது சாயும்போது விளக்கைக் கையால் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: மீற்றர் முழுக்க இருண்டால், இறங்கிப் போய்ப் பின்விளக்கைப் பாருங்கள்

தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பல கார்களில் மீற்றர், பொத்தான்கள் ஆகியவற்றின் இரவு வெளிச்சமும் பின்விளக்குகளும் ஒரே மின்பாதையில், பல வேளைகளில் ஒரே பியூஸில் இருக்கின்றன. உள்ளே இருண்டால் பின்னாலும் இருண்டிருக்கலாம். முன்விளக்கு வேறு பியூஸில் எரிவதால் ஓட்டுபவருக்கு அது தெரியாது. கந்தளாயைத் தாண்டி ஹபரணைக்குப் போகும் வீதியில் இரவில் யானை குறுக்கே வந்து நீங்கள் பிரேக்கை மிதித்து நிற்கும்போது, பின்விளக்கு இல்லாத உங்கள் காரைப் பின்னால் வரும் லொறி எவ்வளவு தூரத்தில் காணும்? பிரேக் விளக்கு எரியும்தான். ஆனால் மிதிக்கும் அந்த நொடிவரை அங்கே ஒரு கார் இருப்பதே அந்தச் சாரதிக்குத் தெரிந்திருக்காது.

பியூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழேயும் எஞ்சினுக்குப் பக்கத்திலும் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த கார்களில் மூடியில் ஜப்பானிய எழுத்துகளே நிறைந்திருந்தாலும், 'டெயில்', 'பெனல்', 'மீற்றர்' போன்ற குறிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் இருக்கும். திறப்பை எடுத்துவிட்டு, அந்தப் பியூஸை இடுக்கியால் நேராக இழுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் உள்ள மெல்லிய வளைவு அறுந்திருக்கிறதா?

அறுந்திருந்தால் அதே அளவு பியூஸையே போடுங்கள். 7.5 அம்பியர் மண்ணிறம், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். பெரிய பியூஸ் போடுவதோ, சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிச் செருகுவதோ வேண்டாம். பியூஸ் காப்பாற்ற வேண்டிய வயர் எரியும், அதோடு காரும் எரியலாம். புதிய பியூஸும் உடனே அறுந்தால் எங்கோ வயர் உரசுகிறது. பின்கதவு மடங்கும் இடத்து வயர்க்கட்டையும் இலக்கத்தகட்டு விளக்கையும் முதலில் பாருங்கள்.

படி 5: மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்

மல்டிமீற்றரை நேர்மின்னோட்டத்தில் 20 வோல்ட் நிலைக்குத் திருப்பி, சிவப்பு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் கறுப்பு முனையை எதிர்முனையிலும் வையுங்கள். சில மணிநேரம் ஓய்ந்திருந்த நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவு காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான் மீதி. எஞ்சினை இயக்கி, முன்விளக்கையும் ஏசியையும் போடுங்கள். 13.5 முதல் 14.5 வரை நின்றால் நல்லது. 13க்குக் கீழே இறங்கி, எஞ்சினை வேகப்படுத்தும்போது மட்டும் ஏறினால் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஓல்டர்நேட்டரையோ அதன் பெல்டையோ சோதிக்க வேண்டும். மீற்றர் மங்குவது அங்கே வெறும் அறிகுறி.

பல ஹைபிரிட் கார்களில் ஓல்டர்நேட்டர் கிடையாது. பெரிய பற்றரியிலிருந்தே 12 வோல்ட் எடுக்கப்படுகிறது. செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள்.

படி 6: எர்த் இணைப்பும் கடற்காற்றும்

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த இடத்தில் காரை நிறுத்துகிறோம். உப்புக் காற்று வயர்ப் பூட்டுகளில்தான் முதலில் கைவைக்கும். பற்றரியின் எதிர்முனையிலிருந்து புறப்படும் கறுப்பு வயர் காரின் உடலோடு பூட்டப்பட்டிருக்கும் இடத்தை, அதாவது எர்த் இணைப்பை, தேடிப் பாருங்கள். சித்தப்பாவின் அயல்வீட்டார் காரில் அந்த இடத்தில் தேங்காய்ப்பூப் போல வெள்ளையும், செம்பு நூல்களில் பாசி போலப் பச்சையும் படிந்திருந்தன. விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

எஞ்சின் இயங்கி, விளக்குகள் எரியும்போது கறுப்பு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் சிவப்பு முனையைக் காரின் வெறும் உலோகத்திலும் வையுங்கள். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் இணைப்பு கெட்டிருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, பற்றரியின் எதிர்முனையை முதலில் கழற்றி, அந்தப் பூட்டை அவிழ்த்து, உலோகம் மின்னும்வரை அரத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாசலின் பூசிவிடுங்கள். எதிர்முனையைக் கடைசியாக மாட்டுங்கள்.

படி 7: பிறகு பொருத்தியவை

புது ரேடியோ பூட்டிய நாளிலிருந்து தொல்லை தொடங்கியதா? ரேடியோவுக்குப் போகும் வயர்களில் ஒன்று வெளிச்சக் குறி. இன்னொன்று மங்கலைக் கட்டுப்படுத்துவது. இவற்றில் ஒன்றைத் தவறாக எர்த்தில் சேர்த்துவிட்டால் சில கார்களில் திருகி வேலை செய்யாது, அல்லது பியூஸ் அறும். மின்குமிழ்களை எல்ஈடிக்கு மாற்றியிருந்தால், பல எல்ஈடிகள் படிப்படியாக மங்காமல் துடிக்கும் அல்லது திடீரென அணையும். பழைய குமிழ் ஒன்றைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எங்கே நிறுத்த வேண்டும்?

ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் நிற இணைப்புகளைக் கண்டால் கையை எடுங்கள். அவை பொதுவாக எயார்பேக்குக்குரியவை. மீற்றரின் உள்ளே இருக்கும் மின்பலகையும் நமது வேலை அல்ல. இந்தக் கட்டத்தில் நல்ல வாகன மின்வேலைக்காரரிடம் போங்கள். படி 1இல் எழுதிய குறிப்பையும் அளந்த வோல்ட் எண்களையும் அவர் கையில் கொடுங்கள். "மங்குகிறது" என்று மட்டும் சொன்னால் அவர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். "ஏசி போட்டால் 12.7க்கு இறங்குகிறது" என்று சொன்னால் நேரே அந்த இடத்துக்குப் போவார்.

சரியான பிறகு ஒரு மாலை, பொழுது பட்டதும், தெருவிளக்கு குறைந்த ஓர் இடத்தில் காரை ஓரமாக நிறுத்துங்கள். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிய பிறகு அப்படி இடங்கள் உண்டு. விளக்கைப் போட்டு ஐந்து நிமிடம் இருட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு திருகியை மெதுவாகக் குறைத்து, எண்கள் தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த வெளிச்சத்தில் நிறுத்துங்கள். இறங்கிக் காரை ஒரு சுற்றுச் சுற்றி, பின்விளக்கு இரண்டும் எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஏறுங்கள்.