ஃபோட்டோரெக்குக்குத் தெரியாத கோப்பை அதற்குச் சொல்லிக்கொடுப்பது

யாங்கூனில் ஒரு பருப்பு மண்டி. கணக்குப் பேக்கப் இருந்த பென்டிரைவை யாரோ ஃபார்மட் செய்துவிட்டார்கள். அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளை லினக்ஸில் ஓட்டினால் புகைப்படம் வருகிறது, பிடிஎஃப் வருகிறது, எப்போதோ ஏற்றிய பழைய பாட்டுகூட வருகிறது. வேண்டிய கணக்குக் கோப்பு மட்டும் ஒன்றுகூட வரவில்லை. அது அழிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டவேண்டாம். அப்படி ஒரு கோப்பு வகை இருப்பதே ஃபோட்டோரெக்குக்குத் தெரியாமல் இருக்கலாம்.

ஃபோட்டோரெக் கோப்பின் பெயரைப் பார்ப்பதில்லை. வட்டை பிளாக் பிளாக்காகப் படித்து, ஒவ்வொரு பிளாக்கின் தொடக்கத்திலும் தனக்குத் தெரிந்த பைட் வரிசை இருக்கிறதா என்று தேடுகிறது. அந்த வரிசைதான் கையொப்பம். 480க்கும் மேற்பட்ட நீட்சிகளை (கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) அது அறியும். ஆனால் உள்ளூரில் யாரோ எழுதிக்கொடுத்த கணக்கு மென்பொருளின் கோப்பு அந்தப் பட்டியலில் இருக்காது. அந்தக் கையொப்பத்தை நாமே ஒரு வரியில் எழுதிக் கொடுக்கலாம். எழுதுவது எளிது, சரியான வரிசையைக் கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

(கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில், வேறு குறிப்பு இல்லாத இடத்தில் சிறிய எழுத்தில் அடிக்கவும்.)

முதலில் நகல்

வட்டின் மேல் நேராக வேலை செய்யாதீர்கள். முழு வட்டையும் ஒரு இமேஜ் கோப்பாக எடுத்துக்கொண்டு, இனி எல்லாச் சோதனையும் அதன் மேல்தான். இதற்கு டிடிரெஸ்க்யூ நல்லது. டெபியன், உபுண்டுவில் பொதியின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, அடிக்க வேண்டிய கட்டளை வெறும் டிடிரெஸ்க்யூ.

சூடோ டிடிரெஸ்க்யூ -என் /டெவ்/எஸ்டிபி மண்டி.ஐஎம்ஜி மண்டி.மேப்

எஸ்டிபி என்பது உங்கள் கணினியில் எஸ்டிசியாகவும் இருக்கலாம். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றாவதாக வரும் மேப் கோப்பை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். எவ்வளவு படித்தாயிற்று என்பது அதில் அவ்வப்போது பதிவாகும். யூஎஸ்பி வழியாக வினாடிக்கு 20 எம்பி வேகத்தில் 32 ஜிபி டிரைவைப் படிக்க ஏறக்குறைய 27 நிமிடம் ஆகும். நம் ஊரில் அதற்குள் கரண்ட் போகாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. போனால், திரும்ப வந்ததும் அதே கட்டளையை அதே பெயர்களோடு அடித்தால் போதும், விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் இல்லாமல் ஓட்டியிருந்தால் தொடக்கத்திலிருந்துதான். முதல் சுற்று முடிந்த பிறகு, படிக்க முடியாத இடங்களுக்காக -என் என்பதை எடுத்துவிட்டு -டி -ஆர்3 போட்டு ஒருமுறை ஓட்டலாம்.

ஃபோட்டோரெக், ஒரு கோப்பு எந்த வகை என்று சொல்லும் ஃபிடென்டிஃபை இரண்டும் டெஸ்ட்டிஸ்க் என்ற ஒரே பொதிக்குள் இருக்கின்றன. இணையம் கிடைக்கும் நேரத்திலேயே டெஸ்ட்டிஸ்க்கின் லினக்ஸ் சுருக்கக் கோப்பை இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்திருப்பது நல்லது. அதை நிறுவ வேண்டியதில்லை, பிரித்து அப்படியே ஓட்டலாம்.

மாதிரிக் கோப்புகள்

தொலைந்த கோப்பின் வகையைச் சேர்ந்த, கெடாத கோப்புகள் வேண்டும். பழைய மின்னஞ்சல் இணைப்பு, கிளைக் கடையின் கணினி, கணக்காளரின் மடிக்கணினி என எங்கிருந்தாவது தேடுங்கள். குறைந்தது மூன்று, ஐந்து கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரே நாளில் ஒரே கணினியில் எடுத்த மூன்று பேக்கப் போதாது. ஆண்டு வேறு, கணினி வேறு, அளவு வேறு, முடிந்தால் மென்பொருளின் பதிப்பும் வேறாக இருக்கவேண்டும். ஏன் என்பது கீழே தெரியும்.

முதலில் மாதிரியை ஃபைல் கட்டளைக்கும் ஃபிடென்டிஃபைக்கும் கொடுத்துப் பாருங்கள். கணக்கு மென்பொருள் பல, நீட்சியை மட்டும் தன் விருப்பத்துக்கு மாற்றிவிட்டு, உள்ளே எஸ்கியூலைட் தரவுத்தளத்தையோ ஜிப்பையோ வைத்திருக்கும். அப்படியானால் புதுக் கையொப்பமே தேவையில்லை. ஃபோட்டோரெக் அவற்றை எஸ்கியூலைட், ஜிப் என்ற பெயரில் ஏற்கெனவே மீட்டு வைத்திருக்கும். நீங்கள் வேறு நீட்சியைத் தேடிக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

தெரியாது என்று வந்தால் முதல் 64 பைட்டைப் பாருங்கள்:

ஹெக்ஸ்டம்ப் -சி -என் 64 கணக்கு1.விஆர்வி

இதில் சி மட்டும் பெரிய எழுத்து. சிறிய சி போட்டால் வேறு வடிவில் காட்டிக் குழப்பும். நம் எடுத்துக்காட்டுக்காக, மூன்று மாதிரிகள் இப்படித் தொடங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம்:

56 41 52 41 56 55 02 00 38 91 04 00
56 41 52 41 56 55 02 00 70 25 06 00
56 41 52 41 56 55 01 00 14 88 02 00

முதல் ஆறு பைட் மூன்றிலும் ஒன்றே. ஹெக்ஸ்டம்ப்பின் வலது ஓரத்தில் அது வி, ஏ, ஆர், ஏ, வி, யு என்று எழுத்தாகவே தெரியும். மென்பொருள் எழுதியவர் ‘வரவு’ என்று பெயர் வைத்திருக்கிறார். அடுத்த இரண்டு பைட் முதல் இரண்டு கோப்பில் 02 00, மூன்றாவதில் 01 00. அது பதிப்பு எண். மூன்றாவது மாதிரி இல்லாமல் இருந்திருந்தால் எட்டு பைட்டையும் கையொப்பம் என்று எழுதியிருப்போம், பழைய பதிப்பில் எடுத்த பேக்கப் ஒன்றும் கிடைத்திருக்காது. வேறு வேறு மாதிரி கேட்டது இதற்குத்தான்.

அதற்கடுத்த நான்கு பைட் ஒவ்வொன்றிலும் மாறுகிறது. மாறுவதால் கையொப்பத்தில் சேராது, ஆனால் தூக்கி எறியவும் கூடாது. 38 91 04 00 என்பதைப் பின்னிருந்து முன்னாகப் படித்தால் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) 49138, பதின்மத்தில் 299320. எல்எஸ் -எல் அடித்துப் பார்த்தால் முதல் கோப்பின் அளவும் 299320 பைட்டாக இருந்தால், கோப்பின் அளவு அதன் தலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். இரண்டாவது 402800, மூன்றாவது 165908. மூன்றும் பொருந்தினால், மீட்ட கோப்பைச் சரியான அளவுக்கு வெட்டும் கடைசி வேலை பாதி முடிந்த மாதிரி.

கண்ணால் ஒப்பிடுவதற்குப் பதில் சிஎம்பி -எல் போடலாம். ஆனால் அதில் இரண்டு பொறி உண்டு. முதல் இரண்டு மாதிரிகளுக்கு அது காட்டும் முதல் வரி: 9 70 160. ஒன்பதாவது பைட் வேறுபடுகிறது என்கிறது. சிஎம்பி ஒன்றிலிருந்து எண்ணும், ஹெக்ஸ்டம்ப் சுழியத்திலிருந்து எண்ணும், ஆகவே அது ஆஃப்செட் 8, அதாவது கோப்பின் தொடக்கத்திலிருந்து 8 பைட் தள்ளி. மதிப்புகளோ எண்மத்தில் (எட்டடிமானத்தில்) வருகின்றன. எண்ம 70 என்பது பதினாறடிமான 38, அதாவது முதல் கோப்பின் பைட். இரண்டாவது கோப்பில் தற்செயலாக அதே இடத்தில் பதினாறடிமான 70 இருப்பதால், கவனிக்காதவர் கோப்பு மாறிவிட்டது என்றே நினைப்பார்.

எத்தனை பைட் போதும்?

32 ஜிபி டிரைவில் 512 பைட் செக்டர்கள் சுமார் 6 கோடியே 25 லட்சம். இரண்டு பைட் கையொப்பம் கொடுத்தால், தாறுமாறான தரவில் 65536 செக்டருக்கு ஒன்று தற்செயலாகப் பொருந்தும். அப்படியே 950 போலிக் கோப்பு சேர்ந்துவிடும். நான்கு பைட்டில் போலி அநேகமாக இல்லை. செக்டர் எல்லை பார்க்காமல் ஒவ்வொரு பைட்டிலும் தேடுகிற ஸ்கால்பெல் போன்ற கருவியில் இரண்டு பைட்டுக்கு 4 லட்சத்து 88 ஆயிரம் போலி, நான்கு பைட்டுக்கு ஏழெட்டு. ஆகவே நான்கு குறைந்தபட்சம், ஆறு நிம்மதி. பைட்டெல்லாம் 00 ஆக இருக்கிற வரிசை எத்தனை நீளமானாலும் உதவாது, காலி இடமெல்லாம் கோப்பாகிவிடும்.

முதல் பைட்டுகள் ஒவ்வொரு மாதிரியிலும் முற்றிலும் வேறாக இருந்தால் கோப்பு குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருக்கக்கூடும். அதற்குக் கையொப்பம் எழுத வழியில்லை. வெறும் உரைக்கோப்பும் அப்படித்தான். யுடிஎஃப்-8இல் தமிழ் எழுத்து 224, அடுத்து 174 அல்லது 175 என்றும், பர்மிய எழுத்து 225, அடுத்து 128 முதல் 130 வரை என்றும் தொடங்கும். அது எழுத்தின் அடையாளமே தவிரக் கோப்பின் அடையாளமல்ல.

வரியை எழுதுவது

ஒரு புது ஃபோல்டரில் ஃபோட்டோரெக்.சிக் என்ற பெயரில் உரைக்கோப்பு திறந்து, ஒரே வரி:

விஆர்வி 0 0எக்ஸ்564152415655

முதலில் நீட்சி, பிறகு ஆஃப்செட், பிறகு கையொப்பம். பதினாறடிமான எண்ணுக்கு முன்னால் சுழியமும் எக்ஸும் கட்டாயம். எழுத்தாகவே தர விரும்பினால் நேரான இரட்டை மேற்கோளுக்குள் போடலாம். லிப்ரே ஆஃபிஸில் எழுதி வளைந்த மேற்கோள் விழுந்தால் அது மேற்கோளாகவே எண்ணப்படாது. நானோ போன்ற எளிய எடிட்டரே போதும்.

கையொப்பம் எப்போதும் கோப்பின் முதல் பைட்டில்தான் இருக்கும் என்றில்லை. போனில் எடுத்த எம்பி4 காணொளியில் முதல் நான்கு பைட் ஒரு அளவு எண், அது மாறும். 66 74 79 70 என்ற மாறாத வரிசை ஆஃப்செட் 4இல் தொடங்குகிறது. உங்கள் கோப்பும் அப்படியானால் நடு எண் 0க்குப் பதில் 4.

இனி ஃபிடென்டிஃபை கணக்கு1.விஆர்வி என்று அடித்தால் விஆர்வி என்று பதில் வரவேண்டும். தெரியாது என்றே வந்தால், மூன்றில் ஒன்று: கோப்பின் பெயரில் பிழை, வரியில் பிழை, அல்லது நீங்கள் வேறு ஃபோல்டரில் நிற்கிறீர்கள். ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் பெயரில் வைத்தாலும் ஃபோட்டோரெக் படிக்கும். ஆனால் சூடோ போட்டு ஓட்டும்போது ஹோம் என்பது ரூட்டின் ஹோமாக மாறிவிடலாம், உங்கள் வரி கண்ணில் படாது. வேலை செய்கிற ஃபோல்டரிலேயே வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. இமேஜ் கோப்பின் மேல் ஓட்ட சூடோவும் தேவையில்லை.

சின்ன வட்டில் ஒத்திகை

உண்மையான இமேஜுக்கு முன் 64 எம்பி பொய் வட்டு ஒன்று செய்யுங்கள். ட்ரங்கேட் -எஸ் 64எம் (எம் பெரிய எழுத்து) சோதனை.ஐஎம்ஜி, அதன் மேல் எம்கேஎஃப்எஸ்.விஃபேட், லூப் முறையில் (இமேஜ் கோப்பையே வட்டு போல இணைத்து) மவுண்ட். மூன்று மாதிரிகளையும் இடையிடையே இரண்டு ஜேபெக் படங்களையும் நகலெடுத்து, சின்க் அடித்து, எல்லாவற்றையும் அழித்து, அன்மவுண்ட் செய்து, ஃபோட்டோரெக்கை ஓட்டுங்கள். ஃபைல் ஆப்ட் திரையில் கஸ்டம் என்ற வரியில் குறி இருக்கவேண்டும்.

அந்தத் திரையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எஸ் விசையை அழுத்தி மற்ற வகைகளையெல்லாம் அணைத்துவிட்டு, கஸ்டம் மட்டும் வைத்தால் வேகமாக முடியும் என்று தோன்றும். உங்கள் ஒற்றை வரியில் கோப்பு எங்கே தொடங்குகிறது என்பது மட்டுமே இருக்கிறது, எங்கே முடிகிறது என்பது இல்லை. அடுத்த தெரிந்த கோப்பின் தலை தென்படும்வரை ஃபோட்டோரெக் எழுதிக்கொண்டே போகும். மற்ற வகைகள் அணைந்திருந்தால் அடுத்த விஆர்வி வரும்வரை நடுவிலுள்ள படம், பாட்டு எல்லாம் ஒரே கோப்புக்குள் விழும். ஆகவே மற்றவை இருக்கட்டும். விலக்கு ஒன்று உண்டு: உங்கள் கோப்புக்குள்ளேயே ஜேபெக் பொதிந்திருந்தால், அது பிளாக் எல்லையில் விழும் இடத்தில் கோப்பு துண்டாகிவிடலாம். அப்போது ஜேபெக்கை மட்டும் அணையுங்கள்.

மீட்டது சரியா என்று பார்க்க: சிஎம்பி -என் 299320, பிறகு இரண்டு கோப்பின் பெயர். எதுவும் அச்சாகவில்லை என்றால் பைட் பிசகாமல் வந்திருக்கிறது.

உண்மையான இமேஜ்

ஃபார்மட் ஆன டிரைவுக்கு ஹோல் (முழு வட்டு) என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பை மட்டும் அழித்திருந்து ஃபைல் சிஸ்டம் நலமாக இருந்தால் ஃப்ரீ (காலி இடம் மட்டும்) போதும். மீட்டவற்றை வேறு வட்டில் எழுதுங்கள். இடையில் கரண்ட் போனாலும் ஃபோட்டோரெக்.செஸ் என்ற கோப்பு இருக்கும்வரை, மறுமுறை அதே ஃபோல்டரில் தொடங்கும்போது தொடரவா என்று கேட்கும்.

பெயர்கள் திரும்பி வராது. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும் சேர்ந்த பெயர்களாகக் கொட்டிக் கிடக்கும். ஒவ்வொன்றின் வாலிலும் குப்பை ஒட்டியிருக்கும். தலையிலுள்ள அளவைக் கொண்டு வெட்ட வேண்டும்:

ஓடி -ஏ என் -டி யு4 -ஜே 8 -என் 4 கோப்பின்பெயர்

இதில் ஏ பெரிய எழுத்து, அதையடுத்த என் சிறியது, கடைசியில் 4க்கு முன் வரும் என் பெரியது. வழக்கமான இன்டெல், ஏஎம்டி கணினியில் அது காட்டும் எண்ணே உண்மையான அளவு. நகல் எடுத்துக்கொண்டு, ட்ரங்கேட் -எஸ் போட்டு அந்த அளவுக்கு வெட்டுங்கள். மீட்ட கோப்பு அந்த எண்ணைவிடச் சிறியதாக இருந்தால் வெட்டாதீர்கள். ட்ரங்கேட் குறைந்த இடத்தைச் சுழியத்தால் நிரப்பி நீட்டிவிடும், முழுசாக இருப்பது போலத் தோன்றும். அது துண்டு துண்டாகச் சிதறிய கோப்பாகவோ பாதி மேலெழுதப்பட்டதாகவோ இருக்கும்.

அளவு எழுதப்படாத, ஆனால் முடிவில் மாறாத பைட்டுகள் உள்ள வகையானால் ஸ்கால்பெல் பொருத்தம். /இடிசி/ஸ்கால்பெல்/ஸ்கால்பெல்.கான்ஃப் கோப்பில் நீட்சி, ஒய், அதிகபட்ச அளவு பைட்டில், தலை, வால் என்று ஒரு வரி. தலைக்கும் வாலுக்கும் ஒவ்வொரு பைட்டுக்கு முன்னும் பின்சாய்வுக்கோடும் எக்ஸும். அதிகபட்ச அளவை மாதிரிகளில் பெரியதைப் போல் இரண்டு மடங்கு வையுங்கள். வெளியீட்டு ஃபோல்டர் காலியாக இல்லாவிட்டால் ஸ்கால்பெல் ஓட மறுக்கும்.

எஸ்எஸ்டியில் அழித்த கோப்புக்கு இதெல்லாம் பெரும்பாலும் பலிக்காது. ட்ரிம் (அழித்த இடம் இனி வேண்டாம் என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) ஓடியிருந்தால் அந்த இடத்தைப் படிக்கும்போது பெரும்பாலும் வெறும் சுழியம்தான் வரும். போனின் உள் சேமிப்பும் குறியாக்கத்தில் இருப்பதால் அப்படியே. மெமரி கார்டு, பென்டிரைவ், பழைய ஹார்ட்டிஸ்க் இவற்றில்தான் கை வைக்கலாம்.