கணினி அறிவியலா, தகவல் தொழில்நுட்பமா? மூன்றாம் ஆண்டுப் பாடங்களைப் படித்துப் பாருங்கள்

இரண்டு துறைகளிலும் பாடம் எடுத்திருக்கிறேன்: கணினி அறிவியல் மாணவர்களுக்கு அல்காரிதம் (ஒரு கணக்கைத் தீர்க்கும் படிப்படியான வழிமுறை), தகவல் தொழில்நுட்ப மாணவர்களுக்குத் தரவுத்தளம். சேர்க்கை நேரத்தில் பெற்றோர் முதலில் கேட்பது, "எதைப் படித்தால் வேலை கிடைக்கும்?" என்பதுதான். மென்பொருள் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பட்டங்களையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். நிரல் எழுதத் தெரியுமா, எழுதியதை விளக்கத் தெரியுமா என்பதுதான் அங்கே கேள்வி. அந்தக் கவலையை இறக்கிவைத்துவிட்டு, இத்தனை ஆண்டுகள் உட்கார்ந்து எதைப் படிக்கப்போகிறீர்கள் என்று பாருங்கள்.

இரு துறைகளின் பாடத்திட்டத்தையும் கல்லூரியின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டைப் புரட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மூன்றாம் ஆண்டுக்குப் போங்கள். கணினி அறிவியலில் தானியங்கிக் கோட்பாடு (கணிப்பு இயந்திரங்களின் கணித மாதிரிகள்), கம்பைலர் வடிவமைப்பு (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளை உருவாக்குவது), கணினிக் கட்டமைப்பு போன்றவை கட்டாயப் பாடங்களாக இருக்கும். தகவல் தொழில்நுட்பத்தில் அந்த இடங்களில் நெட்வொர்க் நிர்வாகம், இணையப் பயன்பாடுகள், தகவல் பாதுகாப்பு ஆகியவை வரும். சில கல்லூரிகளில் இரண்டு பட்டியலுக்கும் ஓரிரு பாடங்களே வேறுபடும். அப்படியானால் துறையைப் பற்றி மேலும் யோசிக்காமல், எங்கே ஆய்வகம் நன்றாக நடக்கிறது என்று விசாரியுங்கள்.

கணினித் துறையின் சர்வதேசத் தொழில்முறை அமைப்புகளான ஏசிஎம், ஐஇஇஇ கணினிச் சங்கம் ஆகியவை இரண்டையும் தனித்தனிப் படிப்புகளாகவே கருதிப் பாடத்திட்ட வழிகாட்டிகள் வெளியிடுகின்றன. தகவல் தொழில்நுட்பத்துக்கு 2017ஆம் ஆண்டுப் பதிப்பும் கணினி அறிவியலுக்கு 2023ஆம் ஆண்டுப் பதிப்பும் இணையத்தில் கிடைக்கும். கல்லூரியின் பட்டியலை அவற்றோடு வைத்துப் பார்த்தால், பெயர்ப்பலகை மட்டும்தான் வேறா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. வரிசைப்படுத்திய 10 லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் 10 லட்சம் முறைகூட ஒப்பிட நேரலாம். ஒவ்வொரு தடவையும் பட்டியலைப் பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 20 முறை போதும். ஏன் 20, இதைவிடக் குறைக்க முடியாதா என்ற கேள்வி உங்களை விடாமல் பிடித்துக்கொண்டால், கணினி அறிவியல் உங்களுக்கு மகிழ்ச்சி தரும். எந்த நிரலைக் கொடுத்தாலும் அது எப்போதாவது நிற்குமா என்று சொல்லக்கூடிய பொதுவான வழிமுறை இருக்கவே முடியாது என்று 1936இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங்கின் ஆய்வு காட்டிய வழியை அங்கே படிப்பீர்கள். நான் நடத்தியதிலேயே மிகவும் விரும்பிய பகுதி அது.

அதே பெயர்கள் ஒரு சர்வரில் இருக்கின்றன. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கேட்கிறார்கள். யாருக்கு எதைக் காட்டலாம், நடுவில் மின்சாரம் போனால் பாதி பதிந்த தகவல் என்னாகும்? இந்தக் கேள்விகள் உங்களை இழுத்தால் தகவல் தொழில்நுட்பம் பொருந்தும். இதைத் தரம் குறைந்த வேலை என்று நினைப்பவர்கள்மீது எனக்குக் கோபம் வரும். இதன் அன்றாடக் கருவியான உறவுமுறைத் தரவுத்தளம்கூட (தகவலை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக வைப்பது), 1970இல் கணினி அறிஞர் எட்கர் காட் எழுதிய கணிதக் கட்டுரையிலிருந்து வந்ததுதான்.

ஆகவே கணிதத்துக்குப் பயந்து தகவல் தொழில்நுட்பத்துக்கு ஓடாதீர்கள். தர்க்கம், கணங்கள் போன்றவற்றைப் பேசும் தனிநிலைக் கணிதமும் நிகழ்தகவும் பெரும்பாலும் அங்கேயும் காத்திருக்கும்.

சேர்வதற்கு முன் இரண்டையும் கையால் செய்து பாருங்கள். அந்தத் தேடலை நிரலாக எழுதுங்கள். பிறகு பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, அதில் ஒரு வலைப்பக்கத்தை வைத்து, வேறொரு கணினியிலிருந்து திறக்க முயலுங்கள். இரண்டிலும் சிக்கல் வரும். எந்தச் சிக்கலை அவிழ்க்கும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லையோ, அந்தத் துறையை விண்ணப்பத்தில் முதலில் எழுதுங்கள்.

ஆராய்ச்சிக்குப் போகும் எண்ணம் இருந்தால், நீங்கள் விரும்பும் மேற்படிப்பு எந்த இளநிலைப் பாடங்களைக் கேட்கிறது என்று இப்போதே பாருங்கள். கோட்பாட்டுப் பாடங்களைக் கேட்டால், தகவல் தொழில்நுட்பத்தில் அவை விருப்பப் பாடங்களாகவாவது உண்டா, உண்மையிலேயே நடத்தப்படுகின்றனவா என்று அங்கே படிக்கும் மூத்த மாணவரிடம் கேட்டுவிடுங்கள்.