மாமா ஹாவர்ட்டில படிச்சவர் எண்டா மருமகனுக்கு இடம் கிடைக்குமோ? அமெரிக்காவுக்கு அப்ளை பண்ணேக்க நாங்கள் விடுற பிழையள்

ஏ.எல் முடிஞ்ச கையோட எங்கட வீடுகளில இந்தக் கதை தொடங்கிடும். "பொஸ்ரன்ல பெரியப்பா இருக்கிறார், அவர் அங்க பெரிய கம்பசில படிச்சவர், ஒரு சொல் சொன்னாரெண்டா காணும்" எண்டு. யாழ்ப்பாண கம்பசுக்கெண்டா இசட் ஸ்கோர்தான், 40 வீதம் மெரிட், 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கின மாவட்டம், ஆர் போய்க் கதைச்சாலும் அதில ஒண்டும் அசையாது எண்டு எல்லாருக்கும் தெரியும். அமெரிக்கா எண்டோண்ண மட்டும் போன் அடிச்சால் சரிவரும் எண்டு நினைக்கினம். ஆனா இஞ்ச ஒண்டாம் ஆண்டுக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில சேக்கேக்க தகப்பன் பழைய மாணவரோ எண்டு புள்ளி போட்டுப் பாக்கிறவைதானே, அந்தப் பழக்கத்தில வாற நினைப்பு இது.

அதில கொஞ்சம் உண்மையும் இருக்கு. அங்க 'லெகசி' எண்டு ஒரு சங்கதி இருக்கு, பழைய மாணவரின்ர பிள்ளைக்குக் குடுக்கிற சலுகை. மாணவரை எடுக்கேக்க இனம் பாக்கினம் எண்டு ஹாவர்ட்டுக்கு எதிரா நடந்த வழக்கில வெளிய வந்த கணக்குப்படி, லெகசிப் பிள்ளையளில நூறுக்கு 33 பேர் மட்டில எடுபட்டிருக்கினம், மற்ற ஆக்களில 6 பேர் மட்டில. இந்த 33ஐப் பாத்திட்டுத்தான் எங்கட ஆக்கள் துள்ளுறது. அந்தப் பிள்ளையள் கனபேர் வசதியான வீட்டில பிறந்து நல்ல பள்ளிக்கூடத்தில படிச்சு சின்னனில இருந்தே இதுக்கெண்டு தயார்ப்படுத்தப்பட்டவை எண்டதை ஒருத்தரும் யோசிக்கிறேல்ல, அதால அந்த வித்தியாசம் முழுக்க லெகசியால வந்ததெண்டு எடுக்கேலாது.

இனிப் பிழையளுக்கு வருவம். முதலாவது, ஆரைச் சொந்தம் எண்டு கணக்கெடுக்கினம் எண்டு தெரியாமல் அப்ளை பண்ணுறது. அந்த வழக்கில லெகசி எண்டு பாத்தது தாயோ தகப்பனோ ஹாவர்ட் கொலிஜில, இல்லாட்டி அதோட சேர்ந்திருந்த பழைய பொம்பிளைப் பிள்ளையளின்ர ராட்கிளிவ் கொலிஜில முதல் டிகிரி செய்த பிள்ளையளைத்தான். சில இடங்களில தாத்தா பாட்டி, கூடப் பிறந்ததுகளையும் பாப்பினம். மாமா, சித்தப்பா, பெரியப்பா, மச்சாள் எல்லாம் எங்களுக்கு நெருங்கின சொந்தம், அங்க பொதுவா அது கணக்கிலயே வராது. அதோட எங்கட ஆக்களில கனபேர் பேராதனையிலயோ மொறட்டுவையிலயோ முதல் டிகிரி முடிச்சிட்டு மாஸ்ரருக்கோ பி.எச்.டிக்கோ போனவை, அப்பிடியெண்டா சொந்தப் பிள்ளைக்கே அது லெகசியா வருமோ எண்டது இடத்துக்கு இடம் மாறும், மருமகனைப் பற்றிக் கேக்கவே வேண்டாம்.

அடுத்தது, எல்லா இடமும் ஒண்டெண்டு நினைக்கிறது. எம்.ஐ.டி, கால்டெக், கலிபோர்னியாவின்ர அரச யூ.சி கம்பசுகள் ஒண்டும் லெகசி பாக்கிறேல்ல. அம்ஹெர்ஸ்ட் 2021இல நிப்பாட்டினது, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் அதுக்கும் முந்தி. கலிபோர்னியாவில 2024இல சட்டமே போட்டு தனியார் கம்பசுகளுக்கும் தடை, 2025 செப்டெம்பரில இருந்து நடைமுறை. அங்க இருக்கிற ஸ்ரான்போர்ட் என்னெண்டா மாநிலம் மாணவருக்குக் குடுக்கிற உதவிக்காசையே விட்டிட்டு லெகசியை வச்சிருக்கப் போறம் எண்டு நிண்டிட்டுது, அவ்வளவு பாசம். லண்டன் பக்கம் பாக்கிறவைக்கு, ஒக்ஸ்போர்ட்டிலயும் கேம்பிரிட்ஜிலயும் இந்தச் சலுகை இல்லை.

காசு குடுத்தால் நடக்கும் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். ஹாவர்ட்டில தமிழ் இருக்கைக்கு உலகத்தில இருக்கிற தமிழ் ஆக்கள் எல்லாம் சேர்ந்து 60 லட்சம் டொலர் சேர்த்தது ஞாபகம் இருக்கும், அதுக்கு எங்கட குடும்பமும் நூறு டொலர் குடுத்தது, அதை அப்ளிக்கேசனில எழுதலாமோ எண்டால், வேண்டாம். ஹாவர்ட்டில மாணவரை எடுக்கிறதுக்குப் பொறுப்பான டீனின்ர தனி லிஸ்ட் ஒண்டு இருந்தது, அதில பெரிய நன்கொடையாளரின்ர பிள்ளையளும் இருந்தவை எண்டு வழக்கில தெரிய வந்தது உண்மை, ஆனா அது எங்கட சீட்டுக்காசில எட்டுற உயரமில்லை. இடையில ஆரும் ஏஜென்ற் வந்து எனக்கு உள்ளுக்க ஆள் இருக்கு எண்டு சொன்னால் எழும்பி வந்திடுங்கோ. 2019இல பிடிபட்ட கேஸில, விளையாடாத பிள்ளையை விளையாட்டு வீரன் எண்டு காட்டக் காசு குடுத்த தாய் தகப்பன்மார் மறியலுக்குப் போனவை, எடுபட்ட பிள்ளையள் சிலருக்கும் இடம் போனது.

பாராளுமன்ற உறுப்பினர், பெரிய டொக்டர், கோயில் தலைவர் எண்டு லெட்டர் வாங்கிறது இன்னொரு பைத்தியம். உங்கட பிள்ளையை வகுப்பில கண்டிராத ஆள் "நல்ல குடும்பத்துப் பிள்ளை" எண்டு எழுதி என்ன பிரயோசனம்? அந்தப் பிள்ளை பிழைவிட்ட கணக்கைத் திரும்பச் செய்துகொண்டு வந்து காட்டினதைக் கண்ட கெமிஸ்ற்றி ரீச்சரைப் பிடியுங்கோ. அவாவுக்கு இங்கிலிஷ் எழுதக் கஷ்டம் எண்டால் தமிழில எழுதித் தரச் சொல்லி வடிவா மொழிபெயர்ப்பியுங்கோ, நீங்களே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்காதேங்கோ.

எனக்குப் பெரிய கவலை வேற ஒண்டில. கன கம்பசுகளுக்கு ஒரே போமில அப்ளை பண்ணுற கொமன் அப்பில தாய் தகப்பன் எவ்வளவு படிச்சவை எண்டு கேக்கிற இடம் ஒண்டு இருக்கு. 95 இடப்பெயர்வோட படிப்பு நிண்டுபோன தகப்பன், ஓ.எல்லோட கலியாணம் கட்டின தாய், இதை எழுத வெக்கப்பட்டு ஏதோ டிப்ளோமா டிகிரி எண்டு கூட்டிப் போட்டு விடினம். அல்லது பிள்ளை கட்டுரை முழுக்க மாமாவின்ர பெருமையை எழுதிப்போட்டு அப்பா மினிபஸ் ஓடினதை மறைச்சிடும். ஐயோ எண்டு இருக்கும். தாயும் தகப்பனும் நாலு வருசக் கம்பஸ் டிகிரி எடுக்கேல்ல எண்டால் அந்தப் பிள்ளையை முதல் தலைமுறை மாணவர் எண்டு பாப்பினம், எந்தச் சூழலில இருந்து இந்த மார்க்ஸ் எடுத்திருக்குது எண்டு யோசிச்சு வாசிப்பினம். மாமா பி.எச்.டி எண்டாலும் அது மாறாது. உள்ளதை உள்ளபடி எழுதினால் உதவக்கூடிய விசயத்தை நாங்களே பொய் சொல்லிக் கெடுக்கிறம், பொய் பிடிபட்டால் குடுத்த இடத்தையும் பறிப்பினம்.

இன்னுமொண்டு, காசுதவி கேக்கிறதே சில இடங்களில வெளிநாட்டுப் பிள்ளையின்ர வாய்ப்பைக் குறைக்கும். ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி, அம்ஹெர்ஸ்ட் மாதிரிக் கொஞ்ச இடங்களில மட்டும்தான் அதைப் பாக்காமல் எடுத்து, எடுத்த பிறகு தேவையான உதவியைக் குடுக்கினம். மாமா படிச்ச இடம் எது எண்டு பாத்து லிஸ்ட் போடுறதை விட இதைப் பாத்துப் போடுறது புத்தி.

மாமாவைக் கழட்டி விடச் சொல்லேல்ல. வாசிச்சுப் பாத்து "இது விளங்கேல்ல" எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும், அவர் கட்டுரையை எழுதித் தரக்கூடாது, அவ்வளவுதான். உதவிக்காசு போமில வருமானத்தை எங்க எப்பிடிப் போடுறது, எந்தப் பாடத்துக்கு அங்க நல்ல பேர், ஒரு வருசச் செலவு உண்மையில என்ன வரும் எண்டு அவரிட்டக் கேளுங்கோ, பின்னேரம் அஞ்சு மணிக்கு எடுத்தீங்களெண்டால் அங்க காலமை, ஆள் வேலைக்குப் போக முதல் பிடிக்கலாம்.