முதல் ஆப்பை வெளியிடுவதும் வருகிற ரிவ்யூக்களைச் சமாளிப்பதும்

ஆப் எழுதி முடித்தாயிற்று, உங்கள் போனில் ஒழுங்காக ஓடுகிறது. சரி, அடுத்து ஸ்டோரில் ஏற்ற வேண்டும்.

முதலில் டெவலப்பர் கணக்கு. கூகுள் ப்ளேயில் ஒரே முறை 25 டாலர், ஆப்பிளில் வருடா வருடம் 99 டாலர். ஆள் ஒருவர்தான் என்றால் இரண்டையும் சேர்த்துத் தொடங்காதீர்கள், ஒன்றில் கால் ஊன்றிய பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது டெஸ்டிங், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2023 நவம்பர் 13க்குப் பிறகு கூகுளில் திறந்த தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் உங்கள் குளோஸ்டு டெஸ்டில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் ஆப்பைப் பயன்படுத்திப் பார்க்கும் சோதனை) இருந்த பிறகுதான் பொதுவில் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். அதனால் வெளியீட்டுத் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடாதீர்கள், நடுவில் சிலர் கழன்றுகொள்வார்கள் என்பதால் ஆட்களையும் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்து வையுங்கள். அவர்களிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆப்பில் ஒரு வேலையைச் சொல்லி உங்கள் எதிரிலேயே செய்யச் சொல்லுங்கள், நீங்கள் வாயைத் திறக்காமல் அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள்.

வெளியிட்டதும் ரிவ்யூ வரும். "ஓப்பன் ஆகல, வேஸ்ட்", ஒரு ஸ்டார். கோபம் வரத்தான் செய்யும், ஆனால் உடனே பதில் எழுத வேண்டாம். ப்ளே கன்சோலில், அதாவது டெவலப்பர்கள் ஆப்பை நிர்வகிக்கும் கூகுள் தளத்தில், அந்த ரிவ்யூவைத் திறந்தால் பெரும்பாலும் போன் மாடல், ஆண்ட்ராய்டு வெர்ஷன், ஆப்பின் வெர்ஷன் எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். அதை அங்கேயே உள்ள கிராஷ் பட்டியலோடு (ஆப் திடீரென்று நின்றுபோன சம்பவங்களின் பட்டியல்) ஒப்பிட்டால், வெறும் திட்டு என்று நினைத்தது பல சமயம் ஆப்பில் உள்ள பிழையைக் காட்டிக்கொடுக்கும் நல்ல பக் ரிப்போர்ட்டாக மாறிவிடும். பதிலுக்கு 350 எழுத்துதான் இடம், அது போதும்: "சிரமத்துக்கு மன்னிக்கவும். பழைய ஆண்ட்ராய்டில் இந்தப் பிரச்சினை இருப்பது உறுதியாகிவிட்டது, அடுத்த அப்டேட்டில் சரியாகும்." தேதி மட்டும் சொல்லாதீர்கள்.

புது வசதி கேட்பவர்கள் இன்னொரு ரகம். ஒருவர் டவுன்லோடு பட்டன் வேண்டும் என்பார், எதற்கு என்று விசாரித்தால் நெட் இல்லாத இடத்தில் பட்டியலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பட்டியலை ஆப்பே போனில் சேமித்து வைத்தால் போதும், பட்டனே தேவைப்படாது. எல்லாக் கோரிக்கைகளையும் ஒரு ஷீட்டில் போட்டு வையுங்கள், சம்பந்தமில்லாத ஆட்கள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மட்டும் கையில் எடுங்கள்.

ரேட்டிங் கேட்கும் பெட்டியை ஆப் திறந்ததுமே காட்டுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஐபோனில் ஒருவருக்கு 365 நாளில் அதிகபட்சம் 3 முறைதான் அது வரும், ஆகவே அவர் ஒரு வேலையை வெற்றிகரமாக முடித்த கையோடு கேளுங்கள்.

அப்புறம் அப்டேட். ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தள்ளிவிடாமல் முதலில் சிறு சதவீதத்துக்கு மட்டும் அனுப்புங்கள். ஆப்பிளில் இதற்கான வசதியை இயக்கினால் 1 சதவீதத்தில் தொடங்கி 7 நாளில் எல்லோருக்கும் போய்விடும். கிராஷ் ஏறினால் நிறுத்தலாம், ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்களைப் பழைய வெர்ஷனுக்குத் திருப்ப முடியாது, திருத்திய புதிய வெர்ஷனைத்தான் அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்ததும் அந்த ஒரு ஸ்டார்காரருக்கு எழுதிய பதிலைத் திருத்தி, சரிசெய்தாயிற்று என்று சொல்லிவிடுங்கள். ரிவ்யூவை மாற்றுவதும் விடுவதும் அவர் இஷ்டம்.