சௌகார்பேட்டை மேடையில் லதாஜி பாட்டு: நாக்கைப் பழக்குவது எப்படி?

'ச்சோரி' என்றால் இந்தியில் திருட்டு. முதல் தடவை மேடையில் நான் அதை 'ஸோரி' என்று பாடினேன். நம் வாய்க்கு அப்படித்தான் வரும். சோறு, சேலை, சாமி எல்லாமே நமக்கு ஸ தானே!

சௌகார்பேட்டையில் ஒரு மார்வாடி வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி அது. பாட்டு, 'மொகலே ஆஸம்' படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய 'ப்யார் கியா தோ டர்னா க்யா'. காதலித்தோம், திருடவா செய்தோம் என்று அனார்கலி அக்பருக்கு எதிரே நின்று கேட்கிற இடம். அந்த இடத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் 'ஸாரி, ஸாரி' என்று சொல்லிச் சிரித்தார்கள். சுருதி சுத்தமாக இருந்தது, தாளம் ஓரிடத்திலும் விலகவில்லை. இறங்கி வந்ததும் குழுவை நடத்துகிறவர், "இனிமே இந்தி உனக்கு வேணாம்மா, கோரஸ்ல நில்லு" என்றார். பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்து சேரும்வரை ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷமாக அதே தெருக்களில் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறேன். மெல்லிசைக் குழுவில் இருக்கிற, இந்தி தெரியாத தங்கச்சிகளுக்காக, நான் பழகிய வழியை இங்கே எழுதுகிறேன். தம்பிகளுக்கும் இதே வழிதான்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். லதாஜிக்கும் இந்தப் பாட்டில் கலந்திருக்கிற உருது தாய்மொழி இல்லை, அவர் மராத்தி வீட்டுப் பெண். 1942-இல் அப்பா இறந்தபோது அவருக்கு 13 வயதுகூட நிரம்பவில்லை. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர், குடும்பமே அவர் தலையில். குரல் மெலிசு என்று சசாதர் முகர்ஜி என்ற பெரிய தயாரிப்பாளர் வேண்டாம் என்றார். இசையமைப்பாளர் குலாம் ஹைதர்தான் விடாமல் நின்று 1948-இல் 'மஜ்பூர்' படத்தில் பாட வைத்தார். அந்த நாட்களில் பம்பாய் லோக்கல் ரயிலில் நடிகர் திலீப் குமாரைப் பார்த்தபோது, மராத்திக்காரர்கள் பேசும் உருதுவில் பருப்புச்சோற்று வாசனை அடிக்கும் என்ற அர்த்தத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். லதாஜிக்கு மனசு நொந்தது. ஆனால் ஒரு மௌலானாவை வைத்து உருது படித்தார். 1960-இல் 'மொகலே ஆஸம்' வந்தபோது, அதே திலீப் குமார் சலீமாக நடித்த படத்தில், ஷகீல் பதாயூனி எழுதிய உருதுவை யாரும் குறை சொல்ல முடியாதபடி பாடியிருந்தார். கோரஸில் நின்ற மாதங்களில் எனக்குப் பிடிமானமாக இருந்தது இந்தக் கதைதான்.

இனி வேலைக்கு வருவோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். பாட்டுக்கு ஒரு பக்கம். போனில் கிடைக்கிற தமிழ் எழுத்துப் பாட்டு வரிகளை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். தமிழில் ஒரே ப-தான் இருக்கிறது, இந்திக்காரர்களுக்கு நாலு. ஸ்லோகப் புத்தகத்தில் எழுத்தின் தலையில் சின்னதாக எண் போட்டிருப்பார்களே, அதைக் கடன் வாங்குங்கள். எண் இல்லாவிட்டால் 'பல்' ப. 3 போட்டால் 'பஸ்' ப. 2 போட்டால் பல்லின் ப-வோடு காற்று, 4 போட்டால் பஸ்ஸின் ப-வோடு காற்று. க, ச, ட, த எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. என் நோட்டில் இந்தப் பாட்டின் பக்கத்தில் இப்படி இருக்கும்: ட³ர்னா, ச்சோரி, ச்சு²ப், ப⁴ர்னா. 'பச்சை' என்னும்போது வருகிற ச்ச-வைத்தான் வார்த்தையின் முதலிலும் சொல்ல வேண்டும் என்பதற்காக இரண்டு ச.

எண்ணை அலட்சியம் செய்யாதீர்கள். காற்று இல்லாத 'ச்சுப்' என்றால் வாயை மூடு. காற்றோடு 'ச்சு²ப்' என்றால் ஒளிந்துகொள்வது. ஒளிந்து ஒளிந்து பெருமூச்சு விடுவானேன் என்று அனார்கலி கேட்கிறாள். காற்று இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே போய்விடும்.

காற்று வருகிறதா என்று பார்க்க, டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிடுங்கள். 'ச்சுப்' சொன்னால் அது அசையக்கூடாது, 'ச்சு²ப்' சொன்னால் துள்ள வேண்டும். ஃபேனை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். 4-ஆம் எண்தான் நமக்குக் கஷ்டம். பஸ்ஸின் ப-வைச் சொல்லி, ஒரு நொடி விட்டு, 'ஹர்னா' சொல்லுங்கள். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒருநாள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று, காலையில் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற நேரமெல்லாம் இதுதான் வேலை.

மூக்கு ஒலி நமக்குச் சுலபம், ஆனால் தெரியாமல் கெடுத்துக்கொள்கிறோம். 'நஹீ', 'ஆஹே' என்பவற்றின் கடைசியில் நம் ஆட்கள் ஒரு கெட்டியான ன் போட்டு 'நஹீன்' என்று மூடிவிடுவார்கள். வீட்டில் 'அவன் வந்தான்' என்று எப்படிப் பேசுகிறோம்? கடைசி ன் முழுசாக வராது, நாக்கு மேலே தொடாது, சத்தம் மூக்கில் கரைந்துவிடும். அதேதான் இதுவும். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாடிப் பாருங்கள். நாக்கு மேலே தொடாமலே சத்தம் அடைபட்டு மாறினால் சரியாக வருகிறது என்று அர்த்தம்.

'குதா' (கடவுள்) என்ற வார்த்தையின் முதல் எழுத்து வெறும் க இல்லை, தொண்டையில் உரசுகிற ஒலி. 'எஃகு' என்பதை மெதுவாக இழுத்துச் சொல்லுங்கள், ஃ இருக்கிற இடத்தில் உரசும். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் புளியந்தோப்பில் ஆட்டுத்தொட்டி பக்கம் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த ஒரு பாய். வீட்டில் உருது பேசுகிறவர். "சளியைக் காறித் துப்புற மாதிரி இல்லம்மா, கண்ணாடியைத் தொடைக்க ஊதுவோமே, அந்த மாதிரி" என்றார்.

புத்தகமும் போனும் இதுவரைக்கும் கூட வரும். அதற்கு மேல் ஆள்தான் வேண்டும். வடசென்னையில் அதற்குப் பஞ்சமே இல்லை. தங்கசாலைத் தெருவை ஒட்டிய சந்தில் வளையலும் ரிப்பனும் விற்கிற ஒரு மார்வாடிப் பாட்டியிடம் போய் நின்றேன். ஒரு டஜன் வளையல் வாங்கிக்கொண்டு நோட்டை நீட்டினேன். "பாட்டு வேணாம் பேட்டீ (மகளே), முதல்ல பேசு. என்கிட்ட சொல்ற மாதிரி சொல்லு" என்றார். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு இல்லாமல், சாதாரணப் பேச்சாக, ஒரு இந்திக்காரரிடம் வரியைச் சொல்லிவிட்டு, என்ன புரிந்தது என்று கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்கிற அர்த்தம் சரியாக வந்தால்தான் அந்த வரி உங்களுடையது. 'அழகாப் பாடறே' என்று சொன்னால் அதில் சந்தோஷப்பட்டு வந்துவிடாதீர்கள்.

கட்டையை, அதாவது எந்தச் சுருதியில் பாடுவது என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லதாஜி பாடிய கட்டையில்தான் பாடுவேன் என்று பிடிவாதம் வேண்டாம். பாட்டில் மிக மேலே போகிற இடத்தை முதலில் பாடிப் பாருங்கள். தொண்டை இறுகாமல், வார்த்தை கலையாமல் வருகிற இடத்தைக் கீபோர்டு அண்ணனிடம் சொல்லிக் கட்டையைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்திலிருந்து நாலுக்கு இறங்கினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, வார்த்தை மட்டும் தெளிந்தது.

மைக்கில் இன்னொரு வம்பு உண்டு. காற்றோடு வருகிற எழுத்தெல்லாம் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும். மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்காமல், தாடைப் பக்கம் இரண்டு விரல் கீழே இறக்கி மேல்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். காற்று மேலே போய்விடும், குரல் மட்டும் உள்ளே போகும். தூரத்தையும் பயன்படுத்தத் தெரிய வேண்டும். 1949-இல் 'மஹல்' படத்துக்கு 'ஆயேகா ஆனேவாலா' பதிவு செய்தபோது, குரல் தொலைவிலிருந்து நெருங்கி வர வேண்டும் என்று அறையின் மூலையில் தொடங்கி, பாடிக்கொண்டே மைக்கை நோக்கி நடந்தாராம் லதாஜி. அந்தப் படத்தில் நடித்ததும் மதுபாலா, பதினோரு வருஷம் கழித்து அனார்கலியாக நின்றதும் மதுபாலா. நமக்கு நடக்க இடம் கிடையாது, கை போதும். ஆரம்பத்தில் தாளம் இல்லாமல் வருகிற வரியை ஒரு சாண் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். தாளம் சேரும்போது மெல்ல உதட்டருகே கொண்டுவாருங்கள்.

எக்கோ விஷயத்தில் சவுண்டுக்காரரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். அந்தக் கண்ணாடி மாளிகைக் காட்சியில் அனார்கலி ஆயிரம் கண்ணாடியில் தெரிவாள், குரலும் எதிரொலிக்கும். மிஷின் இல்லாத அந்தக் காலத்தில் இசையமைப்பாளர் நௌஷாத் எதிரொலிக்காக லதாஜியைக் குளியலறையில் பாட வைத்தார் என்று சொல்வார்கள். ஆசைப்பட்டு நம் சவுண்டுக்காரர்கள் பாட்டு முழுக்க எக்கோவை ஏற்றிவிடுவார்கள், மூன்று வாரம் பழகிய ச்சு² கொழகொழவென்று ஆகிவிடும். "அண்ணே, கடைசி பல்லவிக்கு மட்டும் போடுங்க" என்று கெஞ்சியாவது கேளுங்கள்.

இன்றைக்கே ச்சோரி, ச்சு²ப், ப⁴ர்னா மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு தங்கசாலைத் தெருவுக்குக் கிளம்புங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் போங்கள். அதற்கு மேல் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும், உங்களிடம் பேச அவர்களுக்கு நேரம் இருக்காது.