பிள்ளைக்குக் கணினி சொல்லித்தரும்போது பெரியவர்கள் செய்யும் தவறுகள்

மூன்று வயதிலேயே போனில் புகுந்து விளையாடுகிறான் என்று பெருமைப்படும் பெற்றோர் ஏராளம். 2 முதல் 4 வயது வரை திரை நேரம் நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. அது ஒருபுறம் இருக்கட்டும். விரலால் தள்ளத் தெரிந்த பிள்ளைக்குக் கணினி தானாக வந்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு.

அதே பிள்ளையை மூன்றாம் வகுப்பில் கணினி முன் உட்காரவைத்துப் பாருங்கள். மவுஸை இரண்டு முறை தட்டுவதற்குள் அம்புக்குறி நழுவி ஓடிவிடும். பெயிண்ட் என்ற வரையும் செயலியில் வீடும் சூரியனும் வரைந்துவிட்டு, சேமிக்கவா என்று கணினி கேட்பதைப் படிக்காமல் மூடிவிடும். மறுநாள் வந்து படத்தைக் காணோமே என்று தேடும். போனில் எடுத்த படத்தைப் போன் தானே சேமித்துக்கொள்கிறது. கோப்பு, அது கிடக்கும் இடம் என்பதெல்லாம் பிள்ளைக்குப் புதிது. தன் பெயரில் ஒரு கோப்புறை, அதில் ஒரு படம், மறுநாள் அதையே திறப்பது: முதல் வாரத்துக்கு இது போதும். ஐந்து வயதில் கோடிங் (கணினிக்குக் கட்டளை எழுதுவது) வகுப்புக்குப் பணம் கட்டுவது வீண்செலவு என்பேன். 5 முதல் 7 வயதுக்காரர்களுக்கென்றே ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற கோடிங் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. மவுஸ், விசைப்பலகைப் பழக்கத்துக்கு ஜிகாம்ப்ரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பு இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.

பாதுகாப்பு விஷயத்தில் நாமே தவறாகப் பழக்குகிறோம். வாசலில் பார்சல்காரர் நிற்பார். அடுப்படியிலிருந்து அம்மா, "போன்ல நம்பர் வந்திருக்கும், படிச்சுச் சொல்லிடு கண்ணு" என்பார். யார் கேட்டாலும் ஓடிபியை, அதாவது ஒருமுறை மட்டும் செல்லும் அந்த ரகசிய எண்ணை, சொல்லலாம் என்பது பிள்ளை மனதில் அன்றே பதிந்துவிடுகிறது. விளையாட்டில் இலவச வைரம் தருவதாகச் சொல்பவரும் அதே எண்ணைத்தான் கேட்பார். ஓடிபியைப் பெரியவர்கள் மட்டுமே சொல்ல வேண்டும். பார்சலே ஆனாலும் சரி.

அடுத்தது வயதில் பொய். இந்தியாவில் கூகுள் கணக்கைத் தானே நிர்வகிக்க 13 வயது ஆக வேண்டும். அப்பாவின் பிறந்த ஆண்டைப் போட்டுக் கணக்குத் தொடங்கினால், குழந்தைகளுக்கான கட்டுப்பாடுகள் அதற்குப் பொருந்தாது. பெற்றோர் மேற்பார்வைக்கான கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி வழியாகக் குழந்தைக் கணக்கே தொடங்கலாம். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பிள்ளை வந்து சொன்னதும் போனைப் பிடுங்குவது. முன்பின் தெரியாத ஒருவர் படம் கேட்கிறார் என்று சொன்ன பிள்ளைக்கு அடியும் திட்டும் கிடைத்தால், அடுத்த முறை அது வாய் திறக்காது. கோபத்தில் அந்தச் செய்திகளை அழித்துவிடவும் வேண்டாம், அவைதான் சாட்சி. திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098, பணம் பறிபோயிருந்தால் இணையக் குற்ற உதவி எண்ணான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.